மண்ணைக் கணக்கிட்ட கூலூம்

2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணில் புதைந்தன. அன்று வாசுதேவநல்லூரில் எங்கள் வீட்டு மாடியிலிருந்து மேற்கு மலையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மலை ஏன் சரிகிறது?

விடை தேடியவர்களுள் ஒருவரைத் தோழியர் அனைவரும் அறிவீர்கள். மின்னூட்டத்தின் அலகுக்குப் பெயர் தந்த கூலூம்தான் அவர்! மண்ணோடும் அவர் மல்லாடியது நம் பாடத்தில் இல்லை.

1736இல் பிரான்சு நாட்டின் அங்கூலேம் நகரில் பிறந்தார், இராணுவப் பொறியாளரானார். 1764இல் மார்ட்டினிக் தீவுக்குக் கோட்டை கட்டச் சென்றார். அங்கே எட்டாண்டு உழைப்பு. நோய் பலமுறை அவரைப் படுக்கையில் தள்ளியது. இழந்த உடல்நலம் முழுமையாகத் திரும்பவேயில்லை. ஆயினும், தடுப்புச்சுவர் எவ்வளவு பருமனாக இருந்தால் மண் அதைத் தள்ளாது என்ற கேள்வியை அவர் விடவில்லை. 1773இல் பாரிசு அறிவியல் கழகத்தின் முன் விடையை வைத்தார். மண்ணைப் பிடித்து நிறுத்துபவை ஒட்டும் தன்மையும் உராய்வும். அழுத்தும் பாரம் கூடக் கூட உராய்வும் கூடும். மண்ணுக்குள் தேங்கும் நீர் இந்தப் பிடியைத் தளர்த்துவதைப் பிற்காலத்தில் டெர்சாகி விளக்கினார்.

கூலூம் 1806இல் மறைந்தார். கணிப்பொறியை அவர் கனவிலும் கண்டிருக்கமாட்டார். இன்று சரிவின் கோணம், மண்ணின் ஆழம், மழையளவு ஆகியவற்றைக் கணிப்பொறிக்குக் கொடுத்து, எந்தச் சரிவு நிலைகுலையும், மண் எவ்வளவு தூரம் பாயும் என்று மதிப்பிடுகிறார்கள். அந்தக் கணக்குகள் பலவற்றின் அடியில் இருப்பது அந்த நோயாளிப் பொறியாளரின் சூத்திரமே.