மதுரையைப் பார்க்காமலே மேப்பில் வைத்தவர்!

சிவகாசியில் அச்சான ஒரு காலண்டராவது உங்க வீட்டுச் சுவரில் தொங்கியிருக்கும். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடிக்கப்போய் வளர்ந்த அச்சுத் தொழில் அது. பிளேட்டில் ஒரு தப்பு விழுந்தா, அச்சாகிற அத்தனை தாளிலும் அது விழும். அந்த ஊர் பிரஸ்காரங்களுக்கு இது நல்லாவே தெரியும். இதே விஷயத்தில், இறந்து 1,300 வருஷம் கழிச்சு மாட்டிக்கிட்ட ஒரு மேதையின் கதை இது. அவர் பெயர் தாலமி.

கி.பி. 2-ம் நூற்றாண்டு. எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவில் உட்கார்ந்து வானத்தையும் பூமியையும் கணக்குப் போட்டவர் தாலமி. பூமிதான் நடுவில் இருக்கு, சூரியன் அதைச் சுத்துதுன்னு அவர் எழுதினதை, கோப்பர்நிக்கஸ் வரும்வரை ஐரோப்பாவே நம்பியது.

சுமார் 150-ம் ஆண்டில் அவர் எழுதிய நூல் 'ஜியாகிரஃபியா'. அதில் ஏறக்குறைய 8,000 இடங்கள். அட, நம்ம ஊர்களும் இருக்குங்க! விருதுநகருக்குப் பக்கத்து ஊரான மதுரை, பாண்டியரின் தலைநகராக 'மோதூரா' என்ற பெயரில் இருக்கு. கொற்கை 'கொல்காய்', காவிரிப்பூம்பட்டினம் 'கபேரிஸ்', குமரி 'கொமாரியா'. இதெல்லாம் அவர் நேரில் பார்த்து எழுதியதில்லை. மாலுமிகளும் வியாபாரிகளும் கொண்டுவந்த தகவல், மரினஸ் என்ற முன்னோடியின் நூல், இவைதான் ஆதாரம்.

அவருடைய கெட்டிக்காரத்தனம் எதில் தெரியுமா? படத்தைக் கையால் பார்த்து வரைய வரைய அது கோணிக்கிட்டே போகும். அதனால் ஒவ்வொரு ஊருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகைன்னு ரெண்டு எண்களை எழுதிவெச்சார். உங்க போனில் லொகேஷன் ஷேர் பண்ணும்போது போறதும் அதே மாதிரி ரெண்டு எண்கள்தான். 1300-ம் ஆண்டு வாக்கில், கான்ஸ்டான்டிநோபிள் துறவி பிளானூடஸ் பழைய பிரதியைத் தேடிப்பிடிச்சு, அதை வெச்சு மேப்களைத் திரும்ப உருவாக்க வெச்சார்.

அப்புறம் வந்தது அச்சு. 1477-ல் இத்தாலியின் போலோன்யாவில், செப்புத் தகட்டில் செதுக்கி தாலமியின் மேப்களை அச்சடிச்சாங்க. 1482-ல் ஜெர்மனியின் உல்ம் நகரில், மரக்கட்டையில் செதுக்கி ஒரு பதிப்பு.

தப்புகளும் சேர்ந்தே அச்சாச்சு. இந்தியாவின் முக்கோண முனையே காணோம். கடற்கரை கிழக்கே படுத்துக் கிடக்குது. பக்கத்தில் இலங்கையோ நிஜத்தைவிடப் பல மடங்கு பெருசு. நாலா பக்கமும் நிலம் சூழ்ந்த ஏரி மாதிரி இந்தியப் பெருங்கடல். பூமியின் சுற்றளவும் குறைச்சல். மேற்கே போனா ஆசியா கிட்டத்தில்தான் இருக்குன்னு 1492-ல் கொலம்பஸ் துணிஞ்சு கிளம்பியதில் இந்தத் தப்புக்கும் பங்குண்டு.

1498-ல் வாஸ்கோ டா காமா ஆப்பிரிக்காவைச் சுத்திக்கிட்டு கோழிக்கோட்டுக்கு வந்தார். இந்தியப் பெருங்கடல் ஏரி இல்லைன்னு ஐரோப்பாவுக்குப் புரிஞ்சுபோச்சு.

அதுக்காக தாலமியைத் தூக்கி எறியலை. 1513-ல் ஸ்ட்ராஸ்பர்க்கில் வந்த பதிப்பில் அவரோட 27 மேப்களை அப்படியே போட்டாங்க. கூடவே, புதுசா வரைஞ்ச 20 மேப்களையும் தனிப் பகுதியாகச் சேர்த்தாங்க. எது பழசு, எது புதுசுன்னு வாசகரே பக்கத்தைப் புரட்டி ஒப்பிட்டுப் பார்க்கலாம். தப்பை ஊரெல்லாம் கொண்டுபோன அதே அச்சுதான், திருத்தத்தையும் கொண்டுபோனது.

அந்தப் பழைய மேப்கள் இன்னிக்கு இணையத்திலேயே கிடைக்குது. அடுத்த முறை மதுரைக்கு ரூட் போடும்போது, 'மோதூரா' எங்கே இருக்குன்னு அதிலும் ஒருமுறை தேடிப் பாருங்க!