ஹெலன் கெலரின் குரல்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 1880ஆம் ஆண்டு பிறந்த ஹெலன் கெலர், 19 மாதக் குழந்தையாக இருந்தபோது நோயினால் பார்வையையும் செவிப்புலனையும் இழந்தார். 1887இல் ஆசிரியை ஆன் சலிவன் வந்து, உள்ளங்கையில் விரல்களால் எழுத்துக்கூட்டி மொழியைக் கற்பித்த கதையை நாம் அறிவோம்.

அதன் பின்னரான போராட்டத்தைப் பலர் அறியார். 1890இல் பொஸ்டன் நகரில் சாரா ஃபுல்லர் என்ற ஆசிரியையிடம் ஹெலன் பேச்சுப் பயிற்சியைத் தொடங்கினார். ஆசிரியையின் முகத்தில் கைவைத்து, நாவும் உதடுகளும் அசையும் விதத்தைத் தொட்டறிந்து ஒவ்வோர் ஒலியாகப் பழகினார். 1904இல் ரட்கிளிஃப் மகளிர் கல்லூரியில் பட்டம் பெற்றார். பார்வையற்றோருக்காகவும் பெண்களின் வாக்குரிமைக்காகவும் மேடையேறினார்.

எனினும் அவரது பேச்சு, பழக்கமில்லாதோருக்கு இறுதிவரை எளிதில் விளங்கவில்லை. அருகில் நின்ற ஒருவர் அதனைத் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. அது அவருக்குத் தீராத ஏக்கமாகவே இருந்தது. ஆயினும் குரல் திருந்தட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. பல நாடுகளுக்கும் சென்று பேசினார். 1968இல் மறைந்தார்.

தோழியரே, திக்கிப் பேசும் பிள்ளையையோ, பாரிசவாதத்தால் சொல்லிழந்த முதியவரையோ சந்திக்கும்போது, அவர் தொடங்கிய வசனத்தை நாம் முந்திக்கொண்டு முடிக்காதிருப்போம். அவர் சொல்லி முடிக்கும்வரை பொறுமையோடு கேட்டிருப்போம்.