வயலைப் பார்க்க வந்த டாக்டர்

1800-ம் ஆண்டு ஏப்ரல் 23-ந் தேதி. கொளுத்தும் கோடை. வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் சென்னையிலிருந்து மேற்கே புறப்பட்டார். நோயாளியைப் பார்க்க அல்ல, வயலைப் பார்க்க!

அவர் பெயர் பிரான்சிஸ் புக்கானன். 1762-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். எடின்பரோவில் வைத்தியம் படித்து, கிழக்கிந்தியக் கும்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். செடி கொடி என்றால் அவருக்கு உயிர்.

1799-ல் திப்பு சுல்தான் போரில் மாண்டார். மைசூர்ச் சீமையில் கும்பெனியின் கை ஓங்கியது. அங்கே என்ன விளைகிறது, மிளகு உண்டா, பருத்தி உண்டா, சந்தனம் உண்டா என்று கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி பிரபு தெரிந்துகொள்ள விரும்பினார். அதற்காகவே இந்தப் பிரயாணம். குடியானவர் மேல் கொண்ட அன்பினால் அல்ல!

புக்கானன் போன வழியில் குன்றத்தூர் இருந்தது. தாம்பரத்துக்கு வடமேற்கே, சேக்கிழார் பிறந்த ஊர். பக்கத்திலே செம்பரம்பாக்கம் ஏரி. இரண்டு மேடுகளுக்கு நடுவே கரை போட்டு மழை நீரைத் தேக்கியிருந்த விதத்தை அவர் விவரமாக எழுதினார். ஏரி நீர் 32 கிராமங்களுக்குப் பாயுமாம். மழை பொய்த்தாலும் 18 மாதம் தாங்குமாம். ஊரார் சொன்னதை அப்படியே குறித்துக்கொண்டார். ஏற்றமரத்தில் ஆள் ஏறி இறங்க, கிணற்று நீர் மேலே வருவதையும் எழுதிவைத்தார்.

மைசூரில் வேறு காட்சி. அங்கே மானாவாரிப் புன்செய், ராகிதான் உயிர். கோயம்புத்தூர்ப் பக்கம் வந்தால், ஆழக் கிணறு வெட்டி, மாடு பூட்டிக் கவலை இறைத்துத் தோட்டப் பயிர் செய்தார்கள். மலையாளத்திலோ மழைக்குக் குறைவில்லை. தென்னையும் பாக்கும் ஓங்கி நின்றன. மரத்துக்கு மரம் மிளகுக் கொடி. கன்னட மலைகளில் காட்டை வெட்டி, எரித்து, சாம்பலில் விதைத்தார்கள். மண் இளைத்தால் வேறிடம் போனார்கள்.

ஓராண்டுக்கு மேல் சுற்றினார். துபாஷிகளை வைத்துக்கொண்டு கேள்வி மேல் கேள்வி கேட்டார். எத்தனை உழவு? எத்தனைப் படி விதை? கூலி என்ன?

நம் கலப்பையை அவர் மட்டமாகவே மதித்தார். தோளில் தூக்கிப் போகும் கலப்பை அவர் கண்ணுக்கு விளையாட்டுச் சாமான்! நோஞ்சான் மாடும் இழுக்க வேண்டுமே, அதை அவர் எண்ணவில்லை போலும்.

1807-ல் அவருடைய பிரயாண நூல் மூன்று பாகங்களாக லண்டனில் வெளிவந்தது. பிறகு வங்காளத்திலும் பீகாரிலும் ஏழாண்டுகள் இதே வேலை. ஊர் திரும்பித் தாய்வழிச் சொத்துக்காக ஹாமில்டன் என்று பெயர் மாற்றிக்கொண்டார். 1829-ல் காலமானார்.

கும்பெனி வரவு செலவுக்காக எழுதப்பட்ட நூல் அது. ஆனால் பேர் தெரியாத எத்தனையோ உழவர்களின் அறிவு அதில்தான் தங்கியிருக்கிறது. செம்பரம்பாக்கம் ஏரி இன்று சென்னைக்குக் குடிநீர் தருகிறது. அது பாய்ந்த வயல்கள் பல வீட்டு மனைகளாகிவிட்டன. 2015 டிசம்பரில் அந்த ஏரியைத் திறந்துவிட்டபோது, வெள்ளம் வயலைத் தேடவில்லை. அடையாற்றங்கரை வீடுகளுக்குள் புகுந்தது.