நன்றி மறவாத கணித மேதை பாஸ்கரர்

நம் காலனிப் பிள்ளைகள் பத்தாம் வகுப்பிலே இருபடிச் சமன்பாடு பயில்கின்றனர். வாய்பாட்டை மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் பெறுகின்றனர். அவ்வாய்பாட்டைப் பேணிக் காத்தளித்த பெருமகனாரின் வரலாற்றை அவர்களுக்கு எடுத்துரைப்பது பெற்றோராகிய நம் கடமையன்றோ?

சஹ்யாத்திரி மலைச்சாரலிலே 1114 ஆம் ஆண்டில் பாஸ்கரர் பிறந்தார். தந்தை மகேசுவரரே அவருக்குக் குருவாயினார். தம் 36 ஆம் வயதில், 1150 ஆம் ஆண்டில், சித்தாந்த சிரோமணி என்னும் பெருநூலை அவர் இயற்றினார். லீலாவதி, பீஜகணிதம், கிரக கணிதம், கோளாத்தியாயம் என அது நான்கு பகுதிகளை உடையது. முதுமையிலும் ஓய்ந்தாரல்லர், 1183 ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்டு கரண குதூகலம் என்னும் வானநூலையும் ஆக்கினார்.

பீஜகணிதத்திலே ஒரு கணக்கு வருகின்றது. ஒரு குரங்குக் கூட்டத்தில் எட்டில் ஒரு பங்கின் வர்க்கம் எத்தனையோ அத்தனை குரங்குகள் காட்டில் விளையாடுகின்றன. எஞ்சிய 12 குன்றின்மேல் இருக்கின்றன. மொத்தம் எத்தனை? கணக்கைச் சுருக்கினால், தெரியாத எண்ணின் வர்க்கத்தோடு 768 ஐக் கூட்ட, அவ்வெண்ணின் 64 மடங்கு கிடைக்கும். அந்த 64 மடங்கை வர்க்கத்தின் பக்கம் கொணர்ந்து கழித்து, 768 ஐ மறுபக்கம் அனுப்பி, இருபுறமும் 4 ஆல் பெருக்கி, 64 இன் வர்க்கமாகிய 4096 ஐக் கூட்டுக. ஒருபுறம் முழு வர்க்கமாகும். மறுபுறம் 1024 நிற்கும். அதன் வர்க்க மூலம் 32. ஆகவே எண்ணின் இருமடங்குக்கும் 64 க்கும் வேறுபாடு 32. இருமடங்கு 96 ஆகலாம். 32 ஆகவும் ஆகலாம். விடை 48 அல்லது 16. இரண்டும் பொருந்துதலால் பாஸ்கரர் இரண்டையும் ஏற்றார். பிறிதொரு கணக்கில் 50, 5 என இரு விடை வர, 5 நடைமுறைக்கு ஒவ்வாதென விலக்கினார்.

இவ்வழியைத் தாமே கண்டதாக அவர் கூறிக்கொள்ளவில்லை. தமக்கு முந்திய ஸ்ரீதரருடையது என்று பெயர் சுட்டியே எடுத்தாண்டார். ஸ்ரீதரரின் பீஜகணித நூல் இன்று கிடைத்திலது. ஆயினும் அவருடைய விதி அழியவில்லை. பாஸ்கரரின் நேர்மை அதனைக் காத்தது. நூலின் இறுதியில் பிரம்மகுப்தர், ஸ்ரீதரர், பத்மநாபர் மூவரையும் அவர் நினைவுகூர்கின்றார்.

அவர் நூல்களும் அவ்வாறே காக்கப்பட்டன. பேரர் சாங்கதேவர் அவற்றைக் கற்பிக்கவே ஒரு மடம் நிறுவினார். அதற்குரிய 1207 ஆம் ஆண்டுக் கல்வெட்டு சாலிஸ்கானுக்கு அருகிலுள்ள பாட்டணத்தில் கிடைத்தது. நாம் தில்லியிலிருந்து பூசாவல் வழியாக மும்பை செல்லுங்கால் கடக்கும் நிலையமே சாலிஸ்கான். அக்பர் ஆணையால் 1587 இல் பைசி லீலாவதியைப் பாரசீகத்தில் பெயர்த்தார். ஷாஜகான் காலத்திலே பீஜகணிதத்தைப் பெயர்த்தவர் அதாவுல்லா. நம் தில்லிச் செங்கோட்டையை அமைத்த சிற்பிகளுள் ஒருவரான உஸ்தாத் அகமதுவின் மைந்தர்.

ஊர் விட்டு ஊர் வந்த நாம் நம் மக்களுக்குத் தேடித் தருவது கல்வியே. அக்கல்வியோடு, அதை அளித்தோரின் பெயரையும் சொல்லிக் கொடுப்போமாக.