மார்பில் ஒரு சிலுவை: தளபதி குமாரமங்கலம்

திருச்செங்கோட்டுக்கு அருகே குமாரமங்கலம் என்றோர் ஊர் உண்டு. இன்று அது நாமக்கல் மாவட்டம். முன்பு சேலம் மாவட்டம். அந்த ஊரின் பெயரையே தம் பெயராகக் கொண்ட ஒருவர், 1966 முதல் 1969 வரை இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியாக இருந்தார். அவர் ஜெனரல் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம். 2000-ஆம் ஆண்டு மார்ச் 13 அன்று அவர் காலமானார். இந்த மண்ணில் வேர்கொண்ட அந்த மனிதரின் வாழ்க்கையை, அவர் சீருடையில் அணிந்திருந்த ஒரு சின்னத்தின் வழியாகச் சிந்திப்போம்.

அவர் பிறந்தது 1913 ஜூலை 1 அன்று. தந்தை டாக்டர் ப. சுப்பராயன், குமாரமங்கலம் ஜமீன்தார்; 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சர். தாய் ராதாபாய் மங்களூரைச் சேர்ந்தவர். பெண்களின் உரிமைக்காகக் குரல் கொடுத்து, வட்டமேசை மாநாடுவரை சென்றவர். வீட்டில் வசதிக்குக் குறைவில்லை. பிள்ளைகள் இங்கிலாந்தில் ஈட்டன் பள்ளியில் படித்தார்கள். பிரபாகர் அங்கிருந்து ஊல்விச் இராணுவக் கல்லூரிக்குச் சென்று, 1933-இல் பீரங்கிப் படை அதிகாரியானார். தோளில் ஒரே ஒரு நட்சத்திரம். அதுதான் அவர் அணிந்த முதல் சின்னம்.

இந்தக் குடும்பத்திலே ஒரு வினோதம் இருந்தது. அண்ணன் ஆங்கில மன்னரின் சீருடை அணிந்தார். தம்பி மோகன் குமாரமங்கலமோ கம்யூனிஸ்ட் ஆகி, அதே மன்னரின் ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்றார். தங்கை பார்வதியும் அதே வழியில் நடந்து, பின்னாளில் பாராளுமன்ற உறுப்பினர் ஆனார். ஒரே வீட்டுப் பிள்ளைகளில் ஒருவருக்குப் பதவிச் சின்னம், இன்னொருவருக்குக் கைதியின் எண். யார் செய்தது சரி என்று இன்று தீர்ப்புச் சொல்வது எளிது. அன்று அந்த வீட்டுப் பெரியவர்கள் இரு பிள்ளைகளையும் எண்ணிப் பட்ட கவலை எளிதாக இருந்திருக்காது.

இரண்டாம் உலகப் போர் வந்தது. பிரபாகர் மேஜராக, வட ஆப்பிரிக்காவின் லிபியப் பாலைவனத்துக்கு அனுப்பப்பட்டார். இப்போது அவர் தோளில் மேஜருக்குரிய கிரீடச் சின்னம். 1942 மே 27 காலை, பிர் ஹக்கீம் என்ற இடத்துக்குத் தென்கிழக்கே, 3-வது இந்திய மோட்டார் பிரிகேட் காவல் நின்றது. ஜெர்மானியத் தளபதி ரோம்மலின் படை, இரவோடு இரவாகப் பாலைவனத்தைச் சுற்றிவந்து, விடியலில் டாங்கிகளோடு அவர்கள் மேல் பாய்ந்தது. குமாரமங்கலத்தின் 2-வது இந்தியப் பீரங்கி ரெஜிமெண்ட், வரும் டாங்கிகளை நேருக்கு நேர் சுட்டது. பீரங்கிக்காரர்கள் தங்கள் பீரங்கிகளை விட்டு அசையவில்லை. பல டாங்கிகள் சிதைந்தன. ஆனாலும் அந்தக் காலைப்பொழுதிலேயே அந்த நிலை வீழ்ந்தது. பலர் பீரங்கியருகே மடிந்தனர்; பலர் பிடிபட்டனர். குமாரமங்கலமும் போர்க் கைதியானார்.

அந்தப் போரில் காட்டிய துணிவுக்காக அவருக்கு டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் ஆர்டர் என்ற விருது வழங்கப்பட்டது. 1886-இல் விக்டோரியா அரசி ஏற்படுத்திய விருது அது. பொன் விளிம்பிட்ட வெள்ளை எனாமல் சிலுவை. நடுவே வாகை மாலைக்குள் ஒரு கிரீடம். சிவப்பு நாடா, அதன் இரு ஓரங்களிலும் நீலக் கோடு. தினசரி உடையில் சிலுவையை அணிவதில்லை. நாடாவின் சிறு துண்டு மட்டும் மார்பின் இடப்பக்கம் இருக்கும். தூரத்திலிருந்து அதைக் காணும் எந்தச் சிப்பாய்க்கும் அதன் பொருள் தெரியும்.

கவனியுங்கள். அது வெற்றி பெற்ற நாளுக்குக் கிடைத்த விருது அல்ல. தோற்ற நாளுக்கு, அதுவும் பிடிபட்ட ஒருவருக்குக் கிடைத்த விருது. உலகம் வெற்றியைத்தான் மாலையிட்டு வரவேற்கும். ஆனால் நிற்க வேண்டிய இடத்தில் நின்றானா என்ற கேள்வி, வென்றானா என்ற கேள்வியைவிட மேலானது என்பதை அந்தச் சிறு நாடா சொல்லுகிறது.

இன்னொன்றும் உண்டு. அந்த விருது அன்று அதிகாரிகளுக்கு மட்டுமே உரியது. சிப்பாய்களுக்கு வேறு பதக்கங்கள். மேலும், இறந்தவருக்கு அந்த விருது இல்லை என்பது அன்றைய விதி. அப்படியானால், அதே காலையில், அதே மணலில், அதே பீரங்கிகளின் அருகே மடிந்தவர்களுக்கு அந்த வெள்ளைச் சிலுவை கிடைக்க வழியே இல்லை. உயிரோடு திரும்பிய ஒருவரின் மார்பில்தான் அது ஏறியது. ஆகவே அவர் அணிந்தது தம் ஒருவருக்கான பெருமை மட்டுமல்ல. அதை அணிய முடியாமல் போனவர்களின் பெருமையும்கூட.

கைதியாக இத்தாலிக்குக் கொண்டுசெல்லப்பட்டார். 1943 செப்டம்பரில் இத்தாலி போர்நிறுத்தம் செய்தபோது, கைதிகள் பலர் முகாம்களிலிருந்து தப்பினர். குமாரமங்கலமும் யாகூப் கான், அபே சிங் என்ற சக அதிகாரிகளோடு தப்பினார். ஓர் இந்து, ஒரு முஸ்லிம், பெயரிலேயே சிங் என்றிருந்த மூன்றாமவர். தப்பி ஓடும் கைதிக்குச் சின்னமும் நாடாவும் உதவாது, அவையே ஆபத்து. அந்த நாட்களில் இத்தாலியக் கிராமத்து ஏழை விவசாயிகள் பலர், தப்பிவந்த அந்நிய வீரர்களுக்கு ரொட்டியும் ஒதுங்க இடமும் கொடுத்தார்கள். ஜெர்மானியருக்குத் தெரிந்தால் வீடும் போகும், உயிரும் போகும். அப்படியிருந்தும் கொடுத்தார்கள். வந்தவரின் பதவி என்ன, எந்த நாடு, எந்த மதம் என்று அவர்கள் பார்க்கவில்லை. அவர்களுக்கு எந்த அரசும் பதக்கம் தரும் என்ற எதிர்பார்ப்பும் இல்லை. குமாரமங்கலம் மீண்டும் பிடிபட்டு, போரின் இறுதிக் காலத்தை ஜெர்மனியில் ஒரு கைதிகள் முகாமில் கழித்தார்.

1947 வந்தது. நாடு விடுதலை பெற்றது, பிரிந்தது. இராணுவமும் பிரிந்தது. உடன் தப்பிய யாகூப் கான் பாகிஸ்தான் படையில் சேர்ந்து, பின்னாளில் அந்த நாட்டின் வெளியுறவு அமைச்சரும் ஆனார். இத்தாலியில் கைதியாக இருந்த இன்னோர் அதிகாரி யாஹ்யா கான். 1966-இல் குமாரமங்கலம் இந்தியத் தளபதியான அதே ஆண்டில், யாஹ்யா கான் பாகிஸ்தான் தளபதியானார். ஒரு காலத்தில் ஒரே படையில் இருந்து, ஒரே எதிரியிடம் பிடிபட்டு, ஒரே நாட்டில் சிறைப்பட்டவர்கள், இப்போது எல்லையின் இரு பக்கமும் நின்றார்கள். தோளில் இருந்த சின்னங்கள்தான் அவர்களைப் பிரித்துக் காட்டின.

1950-இல் இந்தியா குடியரசானபோது, சீருடையில் இருந்த கிரீடங்கள் கழற்றப்பட்டு, அசோகரின் சிங்கங்கள் ஏறின. புதிய அரசியல் சட்டம் பட்டங்களை ஒழித்தது. ஆனால் இராணுவச் சிறப்புகளுக்கு விலக்கு அளித்தது. பழைய வீர விருதுகளின் நாடாக்களை நம் அதிகாரிகள் தொடர்ந்து அணிந்தார்கள். அந்நிய மன்னர் கொடுத்ததை விடுதலை பெற்ற நாட்டில் அணியலாமா என்று கேட்டவர்கள் இருந்திருக்கலாம். நியாயமான கேள்விதான். அவர் தம்பி சிறை சென்றதே அந்த ஆட்சியை எதிர்த்துத்தானே! ஆனால் அந்த நாடா மன்னரை மட்டும் நினைவூட்டவில்லை. பிர் ஹக்கீம் மணலில் கிடந்த தம் ஆட்களையும் அது நினைவூட்டியது. மன்னரின் ஆட்சி போகலாம். அவர்கள் நினைவு போகலாமா?

அதே 1950 ஜனவரி 26 அன்று, நம் நாடு பரம் வீர் சக்ரா என்ற உயரிய விருதை ஏற்படுத்தியது. ஊதா நாடாவில் தொங்கும் எளிய வெண்கலப் பதக்கம். இதற்கு அதிகாரி, சிப்பாய் என்ற வேறுபாடு இல்லை. இறந்தவருக்கும் உண்டு. 1965 செப்டம்பரில், குமாரமங்கலம் தரைப்படைத் துணைத் தளபதியாக இருந்தபோது, கேம் கரன் பகுதியில் அப்துல் ஹமீத் என்ற ஹவில்தார், ஜீப்பில் பொருத்திய பீரங்கியால் பல டாங்கிகளைத் தகர்த்து உயிர் நீத்தார். தையல் தொழில் செய்த ஏழைக் குடும்பத்துப் பிள்ளை அவர். இறந்தபின் அவருக்கு அந்த உயரிய விருது வழங்கப்பட்டது. டாங்கிகளின் முன் பீரங்கியோடு நிற்பது எப்படிப்பட்டது என்பதை அறிந்த ஒருவர் அப்போது படைத் தலைமையில் இருந்தார். 1942-இல் மடிந்த பீரங்கிக்காரர்களுக்கு மறுக்கப்பட்ட மரியாதை, 1965-இல் மடிந்த ஒரு ஹவில்தாருக்குக் கிடைத்தது.

1966 ஜூனில் குமாரமங்கலம் தலைமைத் தளபதியானார். தோளில் சிங்கங்கள், நட்சத்திரம், குறுக்கே வைத்த வாளும் கோலும். 1967-இல் சிக்கிம் எல்லையில் நாதுலா, சோலா கணவாய்களில் சீனப் படையோடு மோதல் மூண்டபோது, நம் வீரர்கள் பின்வாங்காமல் நின்றது அவர் காலத்தில்தான். 1969-இல் ஓய்வு பெற்றார். 1970-இல் பத்ம விபூஷண் விருது பெற்றார். மன்னரின் ஆணையால் நியமனம் பெற்று நம் படையின் தலைமைக்கு வந்த கடைசித் தளபதி அவரே.

அன்பார்ந்த வாசகர்களே, நமக்கும் சின்னங்கள் உண்டு. பங்கு விழாவில் பொன்னாடை போர்த்துகிறார்கள். அன்பியத்தில் பாராட்டிக் கேடயம் கொடுக்கிறார்கள். பள்ளி ஆண்டு விழாவில் பிள்ளையின் சட்டையில் பதக்கம் குத்துகிறார்கள். பெறுவதில் தவறில்லை. ஆனால் மேடையில் ஒருவருக்குப் பொன்னாடை போர்த்தும்போது, முந்தைய இரவு முழுவதும் பந்தல் போட்டவர் எங்கோ பின்வரிசையில் நிற்கிறார். கோவிலைக் கூட்டிப் பெருக்கும் பாட்டியின் பெயர் எந்தக் கேடயத்திலும் இல்லை.

நம் கழுத்திலும் ஒரு சிலுவை தொங்குகிறது. அதுவும் உலகின் கண்ணுக்குத் தோல்வியாகத் தெரிந்த ஒரு நாளின் சின்னம்தான். அதை அணிகிற நாம், நமக்குக் கிடைத்த பெருமையில் பங்குள்ள ஒருவரை இந்த வாரம் தேடிப் போய், பெயர் சொல்லி நன்றி கூறுவோமா?