பெண்மைக்கு அரண் அமைத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி

சென்னை அடையாற்றில் பெசன்ட் அவென்யூ வழியே செல்வோர் ஔவை இல்லத்தைக் காணாமல் போக முடியாது. அதே அடையாற்றின் காந்தி நகரில் புற்றுநோய் மருத்துவமனை நிற்கின்றது. இவ்விரு நிறுவனங்களும் தோன்றக் காரணமாயிருந்தவர் ஒரே பெண்மணி. அவரே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். நமது கல்விக் கழகம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில் அவர்தம் வாழ்வை நம் இளைய தலைமுறை அறிந்திருத்தல் நலம் பயக்கும்.

அம்மையார் 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் கல்வியாளர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். பிறப்பைக் கொண்டு மனிதரை அளக்கும் சமூகத்தில் ஒரு குழந்தை எத்தகைய பார்வைகளைத் தாங்கி வளர்ந்திருக்கும் என்பதை நமக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை. புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் பெண்ணைச் சேர்க்கக் கூடாது என்று எதிர்ப்பு எழுந்தது. மன்னர் இசைவளித்ததால் அவர் அங்குப் பயின்றார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் சிறப்புடன் தேறி மருத்துவரானார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கலாகாது என்ற நிபந்தனையின் பேரிலேயே அம்மணம் நிகழ்ந்தது.

அக்காலத்தில் பெண்களுக்கு வாக்குரிமை இல்லை. அதனை வேண்டி முதற்குரல் எழுந்த இடங்களுள் அடையாறும் ஒன்று. 1917இல் அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ் முதலியோர் அங்கு இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கினர். அவ்வாண்டு டிசம்பரில் சென்னைக்கு வந்த இந்திய மந்திரி மாண்டேகுவைச் சரோஜினி நாயுடு தலைமையில் மாதர் தூதுக்குழுவினர் கண்டு வாக்குரிமை கோரினர். 1921இல் சென்னை மாகாணச் சட்டமன்றம், இந்திய மாகாணங்களுள் முதன்முதலாகப் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கியது. எனினும் சொத்துத் தகுதி உடையோருக்கே அது கிட்டியது. உழைத்துண்ணும் நம் தாய்மார்கள் சுதந்திர இந்தியாவின் அரசியலமைப்பு வரும்வரை காத்திருக்க நேர்ந்தது.

1926இல் பெண்கள் சட்டமன்றத்தில் இடம்பெறும் தடையும் நீங்கியது. அம்மையார் உறுப்பினராக நியமிக்கப்பெற்றார். பிரிட்டிஷ் இந்தியச் சட்டமன்றங்களில் அமர்ந்த முதற் பெண்மணி அவரே. 1927 ஜனவரியில் அவரைத் துணைத் தலைவராக மன்றம் ஒருமனதாகத் தேர்ந்தது. ஏழைச் சிறுமியரின் கல்வி, பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை, திருமண வயதை உயர்த்துதல் ஆகியவற்றுக்காக அங்கு அவர் வாதாடினார்.

ஆயினும் அவர் உள்ளத்தை வாட்டியது சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கமே. 1927இல் அதனை ஒழிக்கக் கோரும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். எதிர்ப்புக் கிளம்பியது. சத்தியமூர்த்தி போன்ற பெருந்தலைவர்களே இதனை ஏற்கவில்லை. பாதிக்கப்பட்ட குலத்துள்ளும் கருத்து இரண்டுபட்டது. பெங்களூர் நாகரத்தினம்மாள் முதலான கலைவாணியர், தம்மையெல்லாம் ஒரே தட்டில் வைத்துப் பழிக்கலாகாது, தம் கலையும் சொத்தும் பறிபோகலாகாது என அரசுக்கு மனு அளித்தனர். அக்குலத்திலேயே பிறந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரோ ஊர்தோறும் சென்று இவ்வழக்கத்தைக் கண்டித்தார். பெரியாரின் சுயமரியாதை இயக்கமும் துணை நின்றது. மனு அளித்த மாதரின் அச்சத்தை நாம் எள்ளி ஒதுக்குதல் தகாது. நல்ல நோக்கமுடைய சட்டமும் ஏழையின் சோற்றில் கைவைத்துவிடக் கூடும் என்பது நாம் பட்டறிந்த உண்மையன்றோ?

இவ்விடத்தில் 1929இல் நிறைவேறிய திருத்தச் சட்டம் போற்றத்தக்கது. கோயில் ஊழியத்துக்காகத் தேவதாசிகள் அனுபவித்து வந்த மானிய நிலங்கள் அச்சட்டத்தால் ஊழியக் கட்டிலிருந்து விடுபட்டு, அப்பெண்களுக்கே உரியவாயின. தளை அறுந்தது, நிலம் நின்றது. விடுதலை வேண்டுவோர் வாழ்வுக்கு வழியும் சேர்த்தே கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ!

பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் மசோதாவை அவர் அடுத்து முன்வைத்தார். ஆனால் 1930இல் உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது காந்தியடிகள் கைதாகவே, அம்மையார் பதவியைத் துறந்தார். மசோதா கிடப்பிலே கிடந்தது. 1947இல்தான் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. பொட்டுக்கட்டுதல் குற்றமாயிற்று, பொட்டுக்கட்டப்பட்ட பெண்ணுக்கு மணம் புரியும் உரிமையும் உறுதியாயிற்று. முதல் தீர்மானத்துக்கும் இச்சட்டத்துக்கும் இடையே இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன.

சட்டம் வரும்வரை அவர் கைகட்டி இருந்தாரல்லர். இவ்வழக்கத்திலிருந்து தப்பிய சிறுமியர் சிலர் அவர் வீட்டுக் கதவைத் தட்டி அடைக்கலம் கேட்டனர். அவர்தம் பிறப்பைக் காரணங்காட்டி விடுதிகள் இடமளிக்க மறுத்தன. பிறப்பைக் கேட்டுச் சாத்தப்படும் கதவுகளை நாமும் அறிவோம். அம்மையார் தம் வீட்டிலேயே அவர்களுக்கு இடமளித்தார். அவ்வாறு முளைத்ததே ஔவை இல்லம். தங்கை சுந்தராம்பாள் புற்றுநோய்க்கு இரையான துயரமே பிற்காலத்தில் அடையாறு மருத்துவமனையாக மலர்ந்தது. 1952இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954இல் 12 படுக்கைகளோடு அது திறக்கப்பட்டது. 1956இல் பத்மபூஷண் விருது பெற்ற அம்மையார், 1968 ஜூலை 22ஆம் நாள் மறைந்தார். ஏழைத் தாய்மாருக்குத் தமிழக அரசு வழங்கும் மகப்பேறு நிதியுதவித் திட்டம் இன்றும் அவர் பெயரைத் தாங்குகிறது.

அன்பார்ந்த பெற்றோர்களே! ஒன்பதாம் வகுப்பில் நன்கு படித்து வந்த மாணவியின் இருக்கை திடீரென ஒருநாள் வெறுமையாகும். திருமணம் நிச்சயமாகிவிட்டது என்பார்கள். பதினெட்டு வயது நிரம்பாத பெண்ணுக்கு மணம் முடித்தல் குற்றமென்று சட்டம் தெளிவாகவே கூறுகிறது. ஆனால் சட்டம் தானே நடந்து வந்து எவர் வீட்டுக் கதவையும் தட்டுவதில்லை. ஆசிரியரும் அண்டை வீட்டாரும் நம் கழக உறுப்பினரும்தாம் அந்த வீட்டுக்குச் செல்ல வேண்டும், பேச வேண்டும், அதிகாரிகளுக்கு எழுத வேண்டும். அச்சிறுமி படிக்க விடுதியில் இடமும் தேடித் தர வேண்டும். அம்மையார் செய்தது இவ்வளவே. இருபது ஆண்டுகள் சலியாமல் செய்தார். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் நம் கழகமும் அவ்வழி நடக்குமாக!