இரு கோல்களுக்கு அப்பால் ஒரு தடுப்பாட்டக்காரர்: ஜர்னைல் சிங்கின் கால்பந்து வாழ்க்கை

ஆசிய விளையாட்டுப் போட்டிகளின் கால்பந்தில் இந்தியா கடைசியாகத் தங்கம் வென்றது 1962-ஆம் ஆண்டில். அதன் இறுதி ஆட்டத்தில் இந்தியாவுக்காக இரண்டாவது கோலை அடித்தவர் முன்கள வீரர் அல்லர். எதிரணியின் கோல்களைத் தடுப்பதையே வேலையாகக் கொண்டிருந்த ஜர்னைல் சிங், தையல் போட்ட தலையுடன் அன்று முன்வரிசையில் நின்றார்.

இன்று பாகிஸ்தானில் ஃபைசலாபாத் என அழைக்கப்படும் லியால்பூரில் 1936 பிப்ரவரி 20-ஆம் தேதி பிறந்தவர் ஜர்னைல் சிங் தில்லான். தேசப் பிரிவினையை அடுத்து ஹோஷியார்பூர் மாவட்டம் அவரது ஊரானது. அம்மாவட்டத்தின் மாஹில்பூர், பஞ்சாபில் கால்பந்துக்குப் பெயர் போன ஊர். அங்குள்ள கால்சா கல்லூரியில் ஆட்டம் பழகி, 1950-களின் பிற்பகுதியில் கொல்கத்தா சென்றார். ராஜஸ்தான் கிளப்பில் சிறிது காலம் ஆடியபின் 1959-இல் மோகன் பகானில் சேர்ந்தார்.

அங்கே சுமார் பத்து ஆண்டுகள் பின்வரிசையின் நடுவில் நிற்கும் ‘ஸ்டாப்பர்’ அவர்தான். உயரமும் உடல் வலுவும் அஞ்சாமல் பாய்ந்து பந்தைப் பறிக்கும் துணிவும் கொண்டவர். அவரைத் தாண்டிச் செல்ல எண்ணிய முன்கள வீரர்கள் அதற்கு உரிய விலையைக் கொடுத்தார்கள் என்றே சொல்ல வேண்டும். 1962 முதல் 1965 வரை கல்கத்தா லீக் பட்டத்தைத் தொடர்ந்து நான்கு முறையும், 1963 முதல் 1965 வரை டூரண்ட் கோப்பையைத் தொடர்ந்து மூன்று முறையும் மோகன் பகான் வென்றது. இவ்வெற்றிகளைப் பேசும்போது சுனி கோஸ்வாமியின் பெயரே முதலில் வரும். தடுக்கப்பட்ட கோல்களுக்குக் கணக்கேடு கிடையாது என்பதால் ஜர்னைலின் பங்கு பல நேரம் அடுத்த வரியில்தான் இடம்பெறுகிறது.

1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரியிடம் 1-2 எனத் தோற்று, பிரான்சுடன் 1-1 எனச் சமன் செய்த இந்திய அணியிலும் அவர் இருந்தார்.

இரண்டு ஆண்டுகள் கழித்து வந்தது ஜகார்த்தா. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2 என இந்தியா தோற்றது. அடுத்து தாய்லாந்தை 4-1 என வென்றாலும், அந்த ஆட்டத்தில் ஜர்னைலின் தலையில் பலத்த காயம் ஏற்பட்டுத் தையல் போடப்பட்டது. ஜப்பானை 2-0 என வென்ற பின், தெற்கு வியட்நாமுடனான அரையிறுதிக்கு அணியைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலையில் இருந்தார் பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம்.

நடுப் பின்களத்தில் நிற்பவர் உயரமாக வரும் பந்தையெல்லாம் தலையால் முட்டியே தீர வேண்டும்; காயம் பட்டவருக்கு அது ஆகாது. அதற்காக அத்தகைய வீரரை வெளியே உட்கார வைக்கவும் மனம் ஒப்பாது. ரஹீம் அவரை நடு முன்களத்தில் நிறுத்தினார். அருண் கோஷ் உள்ளிட்டோர் பின்வரிசையைப் பார்த்துக்கொண்டனர். துணிச்சலான முடிவுதான், தவறியிருந்தால் பழி முழுவதும் ரஹீமைச் சேர்ந்திருக்கும். அரையிறுதியில் இந்தியா 3-2 என வென்றது. கோஸ்வாமி இரண்டு கோல்களும் ஜர்னைல் ஒரு கோலும் அடித்தனர்.

செப்டம்பர் 4-ஆம் தேதி இறுதி ஆட்டம். எதிரே மீண்டும் தென்கொரியா. செனாயன் மைதானத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் திரண்டிருந்தனர். பெரும்பாலோர் இந்தியாவுக்கு எதிராகவே கூச்சலிட்டனர். இஸ்ரேல், தைவான் வீரர்களுக்கு அனுமதி மறுத்த இந்தோனேசியாவின் செயலை இந்திய விளையாட்டு நிர்வாகி ஜி.டி. சோந்தி கண்டித்திருந்ததே அக்கோபத்துக்குக் காரணம். அந்த இரைச்சலுக்கு நடுவே பாகிஸ்தான் ஹாக்கி வீரர்கள் தங்களுக்கு உற்சாகம் அளித்ததை இந்திய வீரர்கள் பின்னாளில் நெகிழ்ச்சியுடன் நினைவுகூர்ந்துள்ளனர். லியால்பூரில் பிறந்த ஜர்னைலுக்கு அது எப்படி ஒலித்திருக்கும் என்பதை வாசகர் ஊகத்துக்கே விடலாம்.

வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமெண்ட் அணிக்காக ஆடிப் பெயர் பெற்ற பீட்டர் தங்கராஜ் கோல் காத்தார். 17-ஆம் நிமிடத்தில் பி.கே. பானர்ஜியும், 20-ஆம் நிமிடத்தில் ஜர்னைலும் கோல் அடித்தனர். இறுதிக் கட்டத்தில் கொரியா ஒரு கோலைத் திருப்பியது. அதற்கு மேல் முடியவில்லை. புற்றுநோயுடன் போராடியவாறே அணியை நடத்திய ரஹீம், அடுத்த ஆண்டு ஜூன் மாதம் காலமானார்.

ஜகார்த்தாவுக்குப் பின் ஜர்னைல் தமது பழைய பின்கள இடத்துக்கே திரும்பினார். 1964-இல் அர்ஜுனா விருது பெற்றார். 1965 முதல் 1967 வரை இந்திய அணிக்குத் தலைமை வகித்தார். ஆசிய நட்சத்திர அணியின் தலைவராகவும் தேர்வு செய்யப்பட்டார்.

பிற்காலத்தில் பஞ்சாபுக்குத் திரும்பி, ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் 1970-71 சந்தோஷ் கோப்பையில் களமிறங்கினார். சொந்த மண்ணான ஜலந்தரில் இறுதி ஆட்டத்தில் எதிர்நின்றது, அதற்குள் நான்கு முறை அக்கோப்பையை வென்றிருந்த மைசூர் மாநில அணி. முதல் நாள் 1-1 எனச் சமனாகி, மறு ஆட்டத்தில் 3-1 எனப் பஞ்சாப் வென்றது. அம்மாநிலத்துக்கு அதுவே முதல் சந்தோஷ் கோப்பை. 1974-75-இல் அதே ஜலந்தரில் அவரது பயிற்சியில் ஆடிய பஞ்சாப், அவர் பத்தாண்டுகள் வாழ்ந்த வங்கத்தின் அணியை 6-0 எனத் தோற்கடித்தது.

பஞ்சாப் அரசின் விளையாட்டுத் துறையில் இயக்குநர் பொறுப்பு வரை உயர்ந்தார். 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் கனடாவின் வான்கூவரில் தமது 64-ஆம் வயதில் காலமானார்.